என்.ஏ.சி. மாத்திரையும் ஊசியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என்-அசிட்டைல்சிஸ்டீன் என்பது முழுப்பெயர். சீட்டில் அசிட்டைல்சிஸ்டீன் என்றோ, சுருக்கமாக என்.ஏ.சி. என்றோ எழுதுவார்கள். கடலூர் மஞ்சக்குப்பத்து மருந்துக்கடையானாலும் சரி, புதுச்சேரி கோரிமேட்டு ஆஸ்பத்திரி வராந்தாவானாலும் சரி, இந்த மருந்தைப் பற்றி வரும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றேதான். கேட்டவர்கள் கேட்ட வார்த்தையிலேயே கேள்விகளை வைத்திருக்கிறோம்.

வீட்டில் யாராவது இப்போதுதான் மாத்திரைகளை அளவுக்கு மீறி விழுங்கியிருந்தாலோ, எலி பேஸ்ட் சாப்பிட்டிருந்தாலோ, இதைப் படித்துக்கொண்டிருக்க வேண்டாம். 108-ஐ அழையுங்கள். வண்டி வரும்வரை 9, 11 ஆகிய இரண்டு பதில்களை மட்டும் பாருங்கள்.

1. இது என்னது சார், சத்து மாத்திரையா, மருந்தா?

மருந்து. நாம் சாப்பிடும் முட்டை, கறி, பருப்பு எல்லாவற்றிலும் சிஸ்டீன் என்ற அமினோ அமிலம் இருக்கிறது. அதைக் கொஞ்சம் மாற்றிச் செய்ததுதான் என்.ஏ.சி. உள்ளே போனதும் கல்லீரல் இதைக் கொண்டு குளுட்டத்தயோன் என்ற பொருளைத் தயாரிக்கிறது. செல்லுக்குள் உண்டாகும் நச்சைப் பிடித்து அடக்குவது குளுட்டத்தயோன். அதைச் செய்ய குளுட்டமேட், கிளைசின், சிஸ்டீன் மூன்றும் வேண்டும். முதல் இரண்டும் உடம்பில் தாராளமாகக் கிடைக்கும். பற்றாக்குறை வருவது சிஸ்டீனுக்குத்தான்.

1960-களில் சளியைக் கரைக்கும் மருந்தாக வந்தது. 1970-களில் பாராசிட்டமால் நஞ்சுக்கு விஷமுறிவு மருந்தாக நிலைபெற்றது. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இது விஷமுறிவு மருந்துகளின் வரிசையில் இருக்கிறது.

2. ஆன்டி-ஆக்சிடன்ட்னு போட்டிருக்கே, தினமும் ஒண்ணு போட்டா உடம்புக்கு நல்லதுதானே?

அப்படிச் சொல்ல முடியாது. ஒழுங்காகச் சாப்பிடும் ஆரோக்கியமானவர் உடம்பில் குளுட்டத்தயோன் தேவையான அளவு இருக்கும். நிறைந்த குடத்தில் ஊற்றினால் வழியத்தான் செய்யும். குடம் காலியாகும் நேரத்தில்தான் இந்த மருந்துக்கு வேலை. அந்த நேரங்கள் எவை என்பது 9-ஆம் பதிலிலிருந்து வரும்.

‘ஆன்டி-ஆக்சிடன்ட்’ என்ற பெயரை வைத்து ஒரு பொருள் நல்லது என்று முடிவு கட்டுவது எவ்வளவு தவறு என்பதற்கு 1994-இல் பின்லாந்தில் வெளிவந்த ஆய்வு ஒன்றே போதும். புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரை வைத்துச் செய்தது. பீட்டா கரோட்டின் மாத்திரை கொடுக்கப்பட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை, 18 சதவீதம் கூடியது. கேரட்டில் இருக்கும் அதே பொருள்தான்.

3. தண்ணியில போட்டா பொங்குற மாத்திரையைக் கொடுத்தாங்க. அப்படியே முழுங்கலாமா?

கூடாது. பொங்கும் மாத்திரையை வாயில் போட்டால் வாய்க்குள்ளேயே நுரைத்துப் புரையேறும். அரை டம்ளர் முதல் ஒரு டம்ளர் வரை சாதாரணத் தண்ணீரில் 600 மி.கி. மாத்திரை ஒன்றைப் போடுங்கள். ஓரிரு நிமிடத்தில் நுரை அடங்கி, அடியில் துகள் இல்லாமல் கரைந்துவிடும். உடனே குடித்துவிடுங்கள். காலையில் கரைத்து மூடிவைத்து மாலையில் குடிக்கிற பழக்கம் வேண்டாம். வயிறு எரிபவர்கள் சாப்பாட்டுக்குப் பிறகு குடிக்கலாம்.

பாத்திரத்திலும் ஒரு கவனம் வேண்டும். கண்ணாடி, பிளாஸ்டிக், எவர்சில்வர் மூன்றும் சரி. செம்பு, இரும்பு இரண்டும் ஆகாது. இந்த மருந்து அவற்றோடு வினைபுரியும். இப்போது பல வீடுகளில் இரவே செம்புக் குடுவையில் தண்ணீர் பிடித்துவைக்கிறார்கள். அந்தக் குடுவைக்குள் மாத்திரையைப் போடக் கூடாது.

4. பட்டையைப் பிரிச்சதும் அழுகுன முட்டை நாத்தம் அடிக்குது. கெட்டுப்போச்சா?

இல்லை. சிஸ்டீனில் கந்தகம் இருக்கிறது, வாசனை அதனுடையது. லேசான கந்தக வாடை இருந்தால் மாத்திரை நன்றாகவே இருக்கிறது.

கெட்டுப்போனதை வேறு விதமாகக் கண்டுபிடிக்க வேண்டும். பட்டை உப்பியிருக்கும். உள்ளே மாத்திரை மெத்தென்று, ஓரம் உதிர்ந்து, புள்ளி விழுந்து இருக்கும். தண்ணீரில் போட்டால் சோம்பலாக நாலு குமிழி விட்டு அடியில் படியும். தேவனாம்பட்டினம், வைத்திக்குப்பம் மாதிரி கடலோர வீடுகளில் உப்புக்காற்றின் ஈரம் இதைச் சீக்கிரம் செய்துவிடும். குளியலறை அலமாரி, அடுப்படி ஜன்னல் இரண்டும் வேண்டாம். குழாய் டப்பாவில் வந்தால், மூடிக்குள் இருக்கும் ஈரம் உறிஞ்சும் பகுதியைக் கிள்ளி எறியாதீர்கள்.

5. நெஞ்சுல சளி கட்டியிருக்கு. இதைக் குடிச்சா கரைஞ்சிடுமா?

சளி பிசினாக இருப்பதற்குக் காரணம் அதிலுள்ள புரத இழைகள் கந்தகப் பாலங்களால் ஒன்றோடொன்று பின்னிக்கிடப்பதுதான். என்.ஏ.சி. அந்தப் பாலங்களை அறுக்கும். சளி நீர்த்துப்போகும். ஆனால் நீர்த்த சளியை வெளியே தள்ள வேண்டியது உங்கள் இருமல்தான். அதனால் இருமலை அடக்கும் சிரப்பையும் இதையும் சேர்த்துச் சாப்பிடக் கூடாது. கரைந்த சளி வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தேங்கும். சீட்டில் இரண்டும் இருந்தால் மருத்துவரிடம் திரும்பக் கேளுங்கள்.

நாலு நாள் ஜலதோஷத்துக்கு இது தேவையே இல்லை. பக்கவாதம் வந்து படுத்திருப்பவர், இருமவே தெம்பில்லாத முதியவர் ஆகியோருக்கு மருத்துவர் சொல்லாமல் கொடுக்கக் கூடாது. சளி இளகிப் பெருகும்போது அவர்களால் துப்ப முடியாது. அப்படிப்பட்டவர்களுக்குச் சளியை உறிஞ்சி எடுக்கும் வசதி பக்கத்தில் இருக்க வேண்டும்.

6. அப்பாவுக்கு பீடி குடிச்சு சி.ஓ.பி.டி. ஆயிடுச்சு. காலம்பூரா இதைக் கொடுக்கணுமா?

சி.ஓ.பி.டி. என்பது பெரும்பாலும் புகையால் மூச்சுக்குழாய்கள் நிரந்தரமாகச் சுருங்கிவிடும் நோய். இதில் ஆய்வுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. 2005-இல் ஐரோப்பாவில் தினம் 600 மி.கி. கொடுத்துப் பார்த்ததில், நுரையீரலின் திறன் வேகமாக இறங்குவது தடைபடவில்லை. 2014-இல் சீனாவில் 600 மி.கி. இருவேளை, ஓராண்டுக்குக் கொடுத்தபோது மூச்சுத்திணறல் முற்றும் தடவைகள் ஓரளவு குறைந்தன. அடிக்கடி முற்றி ஆஸ்பத்திரியில் சேருபவருக்கு, இன்ஹேலரை ஒழுங்காக எடுத்தும் போதாதபோது, மருத்துவர் இதைச் சேர்த்துப் பார்ப்பதில் நியாயம் உண்டு.

முதலில் பார்க்க வேண்டியது வேறு. பீடி நின்றதா? இன்ஹேலரை ஸ்பேசர் என்ற குழாய் வைத்துச் சரியாக இழுக்கிறாரா? வீட்டில் விறகடுப்புப் புகை இருக்கிறதா? இந்த மூன்றையும் விட்டுவிட்டு மாத்திரைக்கு மாதாமாதம் செலவழிப்பது வீண்.

நுரையீரல் தழும்பேறிச் சுருங்கும் ஐ.பி.எஃப். என்ற நோய்க்கும் முன்பு இதை எழுதினார்கள். 2014-இல் வந்த ஆய்வில் பயன் இல்லை என்று தெரிந்தது. பழைய சீட்டை வைத்து வாங்கிக்கொண்டிருப்பவர்கள் நுரையீரல் மருத்துவரை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

7. எனக்கு வீசிங் இருக்கு, நான் சாப்பிடலாமா? குழந்தைக்குக் கொடுக்கலாமா?

ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மாத்திரையைவிட ஆவியாகவும் ஊசியாகவும் கொடுக்கும்போதுதான் தொல்லை அதிகம். நெபுலைசரில் வைத்தால் மூச்சுக்குழாய் சுருங்கலாம். அதனால் முன்னதாக மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பியூட்டமால் கொடுத்துவிட்டு, ஆள் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டுதான் கொடுப்பார்கள். வீட்டு நெபுலைசரில் நீங்களாக இதை ஊற்றவே வேண்டாம். பொங்கும் மாத்திரை கரைத்த தண்ணீரை அதில் ஊற்றிப் பார்த்தவர்களும் உண்டு. அது மிகப் பெரிய தவறு.

இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குச் சளி கரைக்கும் மருந்தாக இதைக் கொடுக்கக் கூடாது. அந்த வயதில் மூச்சுக்குழாய் மிகக் குறுகல், இருமித் தள்ளும் பலமும் கிடையாது.

8. பிரஷர், சுகர் மாத்திரையோட சேர்த்துப் போடலாமா?

பெரும்பாலானவற்றோடு சிக்கல் இல்லை. சிக்கல் வரும் இடங்கள் சில உண்டு. நெஞ்சுவலிக்கு நைட்ரோகிளிசரின் போடுபவர்களுக்கு இரத்த அழுத்தம் திடீரென்று இறங்கி, தலைவலி மண்டையைப் பிளக்கும். இதய மருத்துவரிடம் சொல்லாமல் தொடங்காதீர்கள். ஆன்டிபயாட்டிக் சாப்பிடுபவர்கள் இரண்டுக்கும் நடுவே 2 மணி நேரம் விட்டுவிடுங்கள், ஒரே டம்ளரில் கரைக்காதீர்கள். குடல்புண் உள்ளவர்களுக்கு வயிற்றெரிச்சல் கூடும். சர்க்கரை நோயாளிகள் சிறுநீரில் கீட்டோன் பார்க்கும்போது, இல்லாத கீட்டோனை இருப்பதாகக் காட்டலாம், பரிசோதனைக்கூடத்தில் சொல்லிவிடுங்கள்.

பொங்குவதற்காகச் சேர்க்கும் சோடா உப்பையும் மறந்துவிடக் கூடாது. பல பிராண்டுகளில் ஒரு மாத்திரையில் சோடியம் 100 மி.கி.யைத் தாண்டும். இதய வீக்கம், சிறுநீரகக் கோளாறு என்று ஊறுகாயையும் கருவாட்டையும் நிறுத்தியவர், நாளுக்கு மூன்று மாத்திரை குடித்தால் உப்பு வேறு வழியில் உள்ளே போகிறது. அவர்களுக்குப் பொங்காத மாத்திரை இருக்கிறதா என்று கேளுங்கள்.

ஒரு வார்த்தை கூடுதலாக: பட்டையில் இரண்டாவது பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். மூச்சுக்குழாயை விரிக்கும் அசிப்ரோஃபிலின் சேர்ந்த மாத்திரைகள் இங்கே நிறைய விற்கின்றன. “என்.ஏ.சி. போட்டா படபடன்னு வருது, தூக்கம் வரல” என்பவர்களில் பலருக்கு அந்தக் கூட்டாளி மருந்துதான் காரணம்.

9. காய்ச்சல்னு டோலோ நிறைய போட்டுட்டாங்க. என்ன பண்றது?

உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வாந்தி வருகிறதா, மயக்கம் வருகிறதா என்று காத்திருக்காதீர்கள். டோலோவில் இருப்பது பாராசிட்டமால். அது கல்லீரலில் உடையும்போது சிறு பகுதி ஒரு நச்சாக மாறும். அளவான மாத்திரை என்றால் குளுட்டத்தயோன் அதை அடக்கிவிடும். அளவு மீறினால் குளுட்டத்தயோன் தீர்ந்துபோய், நச்சு கல்லீரல் செல்களைத் தாக்கத் தொடங்கும். முதல் நாள் வெளியே எதுவும் பெரிதாகத் தெரியாது. மஞ்சள் காமாலை தெரியவரும்போது சேதம் நடந்து முடிந்திருக்கும். விழுங்கிய 8 மணி நேரத்துக்குள் என்.ஏ.சி. ஏற்றத் தொடங்கினால் கல்லீரலை ஏறக்குறைய முழுமையாகக் காப்பாற்றிவிடலாம். நேரம் தாண்டினாலும் பயன் உண்டு, “லேட்டாயிடுச்சு” என்று இருந்துவிடாதீர்கள்.

காய்ச்சலில் தெரியாமல் அளவு மீறுவது எப்படி என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 650 மி.கி. மாத்திரை நான்கு வேளை என்றால் 2,600 மி.கி. கூடவே கடையில் கொடுத்த சளி மாத்திரை மூன்று வேளை, ஒவ்வொன்றிலும் பாராசிட்டமால் 500 மி.கி. என்றால் 1,500. மொத்தம் 4,100. பெரியவருக்கு ஒரு நாள் உச்ச வரம்பு 4,000 மி.கி. மெலிந்தவர், தினம் குடிப்பவர், சாப்பிடாமல் கிடப்பவர் ஆகியோருக்கு வரம்பு இன்னும் குறைவு. டெங்கு காய்ச்சலில் கல்லீரல் ஏற்கெனவே அடிபட்டிருக்கும்.

போகும்போது காலியான பட்டைகள் எல்லாவற்றையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். முதல் மாத்திரை எத்தனை மணிக்கு, கடைசி மாத்திரை எத்தனை மணிக்கு என்று தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஒரே தடவையில் விழுங்கியிருந்தால் 4 மணி நேரம் கழித்து எடுக்கும் இரத்தத்தில் பாராசிட்டமால் அளவு பார்த்து முடிவு செய்வார்கள். அந்தப் பரிசோதனை இல்லாத இடத்தில் மருந்தைத் தொடங்கிவிட்டுத்தான் மற்றதைப் பார்ப்பார்கள். டெல்லி எய்ம்ஸ் நஞ்சுத் தகவல் மையத்தின் கட்டணமில்லா எண் 1800 116 117, நாள் முழுக்க இயங்குகிறது.

10. வீட்டுலயே பொங்குற மாத்திரை இருக்கே, அதையே ரெண்டு கரைச்சுக் கொடுத்துட்டா?

60 கிலோ எடையுள்ளவருக்கு ஊசி வழியாகப் போகும் அளவைப் பாருங்கள். கிலோவுக்கு 150 மி.கி. வீதம் 9 கிராம், முதல் ஒரு மணி நேரத்தில். அடுத்து கிலோவுக்கு 50 வீதம் 3 கிராம், 4 மணி நேரத்தில். பிறகு கிலோவுக்கு 100 வீதம் 6 கிராம், 16 மணி நேரத்தில். 21 மணி நேரத்தில் மொத்தம் 18 கிராம். 5 மி.லி.யில் 1 கிராம் இருக்கும் ஆம்பியூல் என்றால் 18 உடைக்க வேண்டும். “பதினெட்டு ஊசியா, தப்பா எழுதிட்டாங்களா?” என்று கடையில் திகைப்பவர்கள் உண்டு. தப்பில்லை.

வாய்வழி முறையும் இருக்கிறது. முதலில் கிலோவுக்கு 140 மி.கி., பிறகு 4 மணிக்கொரு தடவை 70 வீதம் 17 தடவை. அதே 60 கிலோவுக்கு ஏறக்குறைய 80 கிராம், 600 மி.கி. மாத்திரைக் கணக்கில் 133. அதுவும் குடித்த ஒரு மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் அந்த வேளையைத் திரும்பக் கொடுக்க வேண்டும். இரண்டு மாத்திரையைக் கரைத்துக் கொடுப்பதால் கிடைப்பது ‘ஏதோ செய்துவிட்டோம்’ என்ற நிம்மதி மட்டும்தான், அந்த நிம்மதியில் மணி நேரங்கள் ஓடிவிடும். கரைக்கும் நேரத்தில் வண்டி ஏறுங்கள்.

11. எலி பேஸ்ட்டுக்கு இதுதான் மாத்து மருந்துன்னு சொல்றாங்களே?

எலி பேஸ்ட்டில் இருப்பது மஞ்சள் பாஸ்பரஸ். அதற்கென்று நேரடியான விஷமுறிவு மருந்து கிடையாது. கல்லீரலுக்குத் துணையாக என்.ஏ.சி.யை ஏற்றுகிறார்கள். சீக்கிரம் தொடங்கினால் உதவும் என்பதே மருத்துவர்களின் அனுபவம். ஆனால் பாராசிட்டமாலுக்கு இருக்கும் உறுதி இதில் இல்லை. நிலைமை மோசமானால் பிளாஸ்மா மாற்றுதல், கல்லீரல் மாற்று அறுவை வரை போகலாம். தமிழ்நாட்டில் இந்தப் பேஸ்ட் விற்பனைக்குத் தடை இருந்தும் வீடுகளில் பழைய டியூப்கள் இன்னும் கிடக்கின்றன. உங்கள் வீட்டில் இருந்தால் இன்றைக்கே அப்புறப்படுத்துங்கள்.

எல்லா எலி மருந்தும் ஒன்றல்ல. கேக் வடிவில் வருவது பெரும்பாலும் இரத்தம் உறைவதைத் தடுக்கும் வகை, அதற்கு வைட்டமின் கே. கறுப்புத் தூள் பெரும்பாலும் துத்தநாக பாஸ்பைடு, அதன் போக்கே வேறு. அதனால் டியூபோ டப்பாவோ கிழிந்த அட்டையோ, கிடைத்ததைக் கொண்டுபோங்கள். மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.

வீட்டில் செய்யக்கூடாதவை: உப்புத் தண்ணீர், சோப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். பால், எண்ணெய், முட்டை கொடுக்காதீர்கள். பாஸ்பரஸ் கொழுப்பில் கரையும், உடம்பு அதை இன்னும் வேகமாக உறிஞ்சும். கீழாநெல்லி அரைத்துக் கொடுத்துவிட்டு ஒரு நாள் பார்ப்போம் என்று இருக்காதீர்கள். கடலூரில் இருந்தால் நேரே புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரி என்று கிளம்புவதைவிட, பக்கத்து அரசு மருத்துவமனையில் முதல் டோஸைத் தொடங்கி, அங்கிருந்து மாற்றி அனுப்பச் சொல்லுங்கள்.

போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து, “தெரியாம சாப்பிட்டுட்டான், புட் பாய்சன்” என்று மாற்றிச் சொல்லிவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள், சிகிச்சையே தப்பாகிவிடும். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-வது பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. ஆஸ்பத்திரியில் போலீசுக்குத் தகவல் எழுதுவது நடைமுறை.

12. கிரியாட்டினின் ஏறிடுச்சு. கிட்னிக்கு நல்லதுன்னு டாரின் சேர்ந்த மாத்திரை எழுதிருக்காங்க. குறையுமா?

150 மி.கி. என்.ஏ.சி.யும் 500 மி.கி. டாரின் என்ற இன்னொரு அமினோ அமிலமும் சேர்ந்த மாத்திரைதான் இங்கே அதிகம். பெரிய கெடுதல் இல்லை. ஆனால் சுருங்கிய சிறுநீரகத்தை இது திரும்பக் கொண்டுவரும் என்பதற்கு ஆதாரமும் இல்லை. சிறுநீரகத்தைக் காப்பது சர்க்கரைக் கட்டுப்பாடு, இரத்த அழுத்தக் கட்டுப்பாடு, அதற்கென மருத்துவர் எழுதும் மாத்திரைகள், வலி மாத்திரைகளைத் தவிர்ப்பது. கையில் காசு குறைவாக இருக்கும் மாதத்தில் இதை விடலாமா, பிரஷர் மாத்திரையை விடலாமா என்று கேட்டால் தயங்காமல் சொல்வோம்: பிரஷர் மாத்திரையை விடாதீர்கள்.

13. ஆஞ்சியோவுக்கு முன்னாடி டை கிட்னியைப் பாதிக்காம இருக்க இதைக் குடிக்கச் சொன்னாங்க.

டை என்பது படத்தில் இரத்தக்குழாய் தெரிவதற்காக ஏற்றும் சாய மருந்து. அதற்கு முன் என்.ஏ.சி. கொடுப்பது பல ஆண்டுகள் வழக்கத்தில் இருந்தது. பிறகு இரண்டு பெரிய ஆய்வுகள் வந்தன: 2011-இல் பிரேசிலில் 2,308 பேர், 2018-இல் வந்ததில் ஏறக்குறைய 5,000 பேர். இரண்டிலும் பயன் இல்லை. உடம்பில் நீர்ச்சத்து சரியாக இருப்பதும், டையின் அளவைக் குறைப்பதும்தான் முக்கியம். குடிக்கச் சொன்னால் குடிப்பதில் ஆபத்தில்லை. ஒரு வேளை மறந்துவிட்டால் பதற வேண்டாம்.

14. சரக்கு அடிக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு போட்டுட்டா லிவர் தாங்கும்னு பசங்க சொல்றானுங்க. உண்மையா?

இல்லை. எலிகளில் முன்கூட்டிக் கொடுத்தால் பாதுகாப்பு, குடித்த பிறகு கொடுத்தால் சேதம் கூடியது என்று இரண்டுவிதமாகவும் முடிவுகள் வந்திருக்கின்றன. மனிதரில் குடியின் கெடுதலை இது தடுக்கும் என்பதற்குச் சான்று கிடையாது. மாத்திரை போட்ட தைரியத்தில் இன்னும் இரண்டு பெக் போவதுதான் நடக்கும். மறுநாள் தலைவலிக்கு வெறும் வயிற்றில் பாராசிட்டமாலாகப் போடுவது, 9-ஆம் பதிலில் சொன்ன வரம்பை நெருங்கும் வழி.

குடியால் கல்லீரல் வீங்கி ஆஸ்பத்திரியில் கிடக்கும் கடுமையான நிலை வேறு. அங்கே பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டுடன் என்.ஏ.சி. ஊசி சேர்த்தபோது முதல் மாத இறப்பு குறைந்தது என்று 2011-இல் பிரான்சில் வந்த ஆய்வு காட்டியது. ஆறு மாதக் கணக்கில் அந்த வேறுபாடு உறுதியாக நிற்கவில்லை. குடியை விட்டவர்கள்தான் அந்த ஆறு மாதத்தைத் தாண்டி வாழ்கிறார்கள்.

15. இதைச் சாப்பிட்டா கலர் ஆகலாமாமே அக்கா?

குளுட்டத்தயோன் தோலின் நிறமியைக் குறைக்கும் என்ற பேச்சிலிருந்து வந்த வியாபாரம் இது. என்.ஏ.சி. சாப்பிட்டு நிறம் மாறும் என்பதற்கு நம்பத்தக்க ஆதாரம் இல்லை. அழகு நிலையங்களில் போடும் குளுட்டத்தயோன் ஊசியை எந்தக் காரணத்துக்கும் போட்டுக்கொள்ளாதீர்கள். கல்லீரல், சிறுநீரகம், தோல் எல்லாவற்றிலும் கடுமையான விளைவுகள் வந்திருக்கின்றன. உங்கள் நிறத்தில் மருந்து போடும்படியான கோளாறு எதுவும் இல்லை, தங்கச்சி.

16. பி.சி.ஓ.டி.க்கு எழுதிருக்காங்க. முடியைப் பிடுங்கிக்கிற பழக்கத்துக்கும் கொடுப்பாங்களா?

இரண்டுக்கும் கொடுப்பதுண்டு. சினைப்பையில் நீர்க்கட்டிகள் வரும் பி.சி.ஓ.டி. கோளாறில் சிறிய ஆய்வுகள் சில கருமுட்டை வெளிவருவது மேம்பட்டதாகச் சொல்கின்றன. உடல் எடை, நடை, மெட்ஃபார்மின் ஆகியவற்றுக்குப் பதிலாக இதை வைக்க முடியாது. முடி பிடுங்கும் பழக்கத்தில் 2009-இல் 50 பெரியவர்களிடம் தினம் 1,200 முதல் 2,400 மி.கி. கொடுத்ததில் நல்ல பலன் தெரிந்தது. குழந்தைகளிடம் அதே பலன் கிடைக்கவில்லை. மனநல மருத்துவர் பார்த்து, 12 வாரமாவது கொடுத்துத்தான் முடிவு சொல்ல முடியும்.

17. கேன்சர் வந்தவங்க சாப்பிடலாமா?

தானாக வேண்டாம். 2014-இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள், நுரையீரல் கட்டி இருந்த எலிகளுக்கு என்.ஏ.சி. கொடுத்தபோது கட்டி வேகமாக வளர்ந்ததைக் கண்டார்கள். நல்ல செல்லைக் காக்கும் கவசம் கட்டியின் செல்லையும் காக்கிறது. மனிதரில் இப்படி நடக்கும் என்று நிரூபணமாகவில்லை. ஆனாலும் புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவரும், நீண்டகாலம் புகைத்தவரும் சத்து மாத்திரை என்று இதை மாதக்கணக்கில் விழுங்குவதற்கு எந்த அவசியமும் இல்லை. பாராசிட்டமால் நஞ்சுக்கு ஒரு நாள் ஏற்றுவதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, அங்கே தயக்கம் கூடாது. கர்ப்பிணிக்கும் அதே விதிதான்: நஞ்சு என்றால் தாமதமின்றிக் கொடுக்க வேண்டும், சத்துக்காக என்றால் வேண்டாம்.

18. அமெரிக்காவுல இருந்து பையன் பெரிய டப்பா வாங்கிட்டு வந்திருக்கான். அங்கே சீட்டே வேணாமாமே?

அங்கே உணவுத் துணைப்பொருளாக விற்கிறார்கள். அதுவும் சிக்கலில்லாமல் இல்லை: இது ஏற்கெனவே மருந்தாக அனுமதி பெற்றது, துணைப்பொருளாக விற்கக் கூடாது என்று 2020-இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் சில நிறுவனங்களை எச்சரித்தது. 2022-இல் நடவடிக்கையைத் தளர்த்தியது. சீட்டு வேண்டாம் என்பதால் மருந்து மருந்தல்ல என்று ஆகிவிடாது. டப்பாவில் ஒரு காப்ஸ்யூலுக்கு எத்தனை மி.கி. என்று பாருங்கள், 600-ம் உண்டு 1,000-ம் உண்டு. உங்கள் மருத்துவரிடம் டப்பாவையே காட்டுங்கள்.

19. ஊசி ஏத்த ஆரம்பிச்ச அரை மணியில உடம்பெல்லாம் சிவந்து அரிக்குது. நிறுத்தச் சொல்லலாமா?

உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள், நீங்களாக டியூபை மூடாதீர்கள். முதல் பாட்டில் போகும்போது முகம் சிவத்தல், தடிப்பு, அரிப்பு, சிலருக்கு இளைப்பு வருவது தெரிந்த விஷயம். அதிவேகமாகப் போனால் அதிகம் வரும், ஆஸ்துமாக்காரர்களுக்கு இன்னும் அதிகம். பெரும்பாலும் இது உண்மையான ஒவ்வாமை கிடையாது. கொஞ்ச நேரம் நிறுத்தி, அரிப்புக்கு ஊசி போட்டு, அடங்கியதும் வேகத்தைக் குறைத்துத் திரும்பத் தொடங்குவார்கள். “இந்த மருந்து ஆகாது” என்று குடும்பம் கையெழுத்துப் போட்டு மறுப்பதில்தான் உயிர் ஆபத்து. மூச்சுத்திணறலும் அழுத்தம் இறங்குவதும் வந்தால் அது அவசரம், அதற்கும் அங்கே மருந்து தயாராக இருக்கும்.

திறந்த ஆம்பியூல் மருந்து லேசான ஊதா நிறத்துக்கு மாறினால் பயப்பட வேண்டாம், அது கெட்டதன் அடையாளம் அல்ல.

20. ரெண்டாவது நாளே நல்லா எழுந்து உக்காந்து இட்லி சாப்பிடுறான். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடலாமா?

எலி பேஸ்ட்டில் ஏமாற்றும் நாள் இதுதான். முதல் நாள் வாந்தி, வயிற்றுவலி. அடுத்த ஓரிரு நாள் எதுவுமே இல்லாத மாதிரி இருக்கும். அதற்குப் பிறகுதான் கல்லீரல் தளர்ந்து, கண் மஞ்சளாகி, நினைவு தடுமாறும். அந்த அமைதியான நாளில் டிஸ்சார்ஜ் வாங்கிப் போனவர்கள் திரும்பி வரும்போது செய்வதற்கு அதிகம் இருப்பதில்லை. பாராசிட்டமாலிலும் இதே போன்ற இடைவெளி உண்டு.

ஆள் எப்படி இருக்கிறார் என்பதை வைத்து முடிவெடுக்காமல் இரத்தப் பரிசோதனையை வைத்து முடிவெடுங்கள். வார்டு மருத்துவரிடம் கேட்க வேண்டியது: “ஐ.என்.ஆர். நேத்து எவ்வளவு, இன்னைக்கு எவ்வளவு?” இரத்தம் உறையும் நேரத்தைக் காட்டும் இந்த எண் கல்லீரலின் வேலைத்திறனைச் சொல்லும். ஏறிக்கொண்டிருந்தால் எந்தக் காரணத்துக்கும் நகரக் கூடாது. கல்லீரல் என்சைம்கள், சர்க்கரை, கிரியாட்டினின் மூன்றையும் கூடவே கேளுங்கள். எலி பேஸ்ட் என்றால் குறைந்தது மூன்று நாள் முழுக்கக் கண்காணிப்பில் இருந்து, எண்கள் இறங்குமுகம் ஆன பிறகே வீட்டுப் பேச்சு.

வேண்டுமென்றே சாப்பிட்டவர் என்றால், டிஸ்சார்ஜுக்கு முன் மனநல மருத்துவர் பார்த்தாரா என்று கேட்டு உறுதி செய்யுங்கள். வீட்டில் மிச்சமிருக்கும் மாத்திரைகள், பூச்சிமருந்து எல்லாவற்றையும் அவர் வருவதற்கு முன்பே வெளியேற்றிவிடுங்கள். திட்டவோ, ஊர் என்ன சொல்லும் என்று கேட்கவோ வேண்டாம்; பக்கத்தில் யாராவது இருங்கள். மனநல உதவிக்கான டெலி மானஸ் எண் 14416, இரவிலும் தமிழில் பேசுவார்கள். தமிழ்நாட்டில் 104-உம் உண்டு. இரண்டு எண்களையும் அவர் போனிலும் உங்கள் போனிலும் பதிந்துகொண்டு வண்டி ஏறுங்கள்.